நானே மாட்டிய ஹோஸ்

ஜெனரேட்டர் சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் யாராவது என்னைப் பற்றிச் சொல்லியிருந்தால், சித்தூர் ஆஸ்பத்திரி ஜெனரேட்டரைச் சரி செய்தவர் என்று சொல்லியிருப்பார்கள். அது பாதி உண்மை. அந்த ஜெனரேட்டரைக் கெடுத்தவனும் நான்தான். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுதாகும்.

முப்பத்துநாலு வருடம் இந்த வேலை பார்த்தேன். திருப்பதி லாட்ஜுகள், சித்தூர் ஆஸ்பத்திரிகள், பலமனேர் பால் குளிரூட்டும் நிலையங்கள், தடா பக்கத்துத் தொழிற்சாலைகள் என்று பைக்கில் சுற்றாத ஊர் இல்லை. எத்தனையோ எஞ்சின்களைப் பிரித்து மாட்டியிருக்கிறேன். ஆனால் பெருமைப்படும்படி என்ன செய்தாய் என்று கேட்டால், எஞ்சினையே பிரிக்காமல் வேலை செய்த அந்த ஒரு நாளைத்தான் சொல்வேன்.

அது ஒரு சித்திரை மாதம். வெயில் காலையிலேயே கொளுத்திக்கொண்டிருந்தது. நான் பலமனேரில் ஒரு பால் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பைக் பெட்டியில் அந்த நிலையத்து ஜெனரேட்டர் செட்டுக்கு மாட்ட வேண்டிய புது டீசல் ஹோஸ் இருந்தது. பங்காருபாளையம் தாண்டும்போது போன் அடித்தது. முனிரத்தினம்.

முனிரத்தினம் சித்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டர் ஆபரேட்டர். ஐம்பது வயது தாண்டியவர். அதிகம் பேசமாட்டார். டீசல் ஊற்றிய நேரம், ஓடிய மணி, மாற்றிய ஃபில்டர் எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் தெலுங்கில் எழுதி வைப்பார். அவர் பதறி நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் குரல் வேறு மாதிரி இருந்தது.

"சார், ரோட்டுல பள்ளம் தோண்டி கேபிளை அறுத்துட்டாங்க. கரண்டு வர சாயங்காலம் ஆவுமாம். நம்ம செட்டு ரெண்டு தபா நின்னு போச்சி. ஏத்தி வுட்டா ஓடுது, கொஞ்ச நேரத்துல முக்குது. உள்ள ஆபரேஷன் நடந்துக்கினு கீது சார்."

டேங்கில் டீசல் இருக்கிறதா என்று கேட்டேன். முக்கால் டேங்க் இருப்பதாகச் சொன்னார். அடியில் தண்ணீர் இறக்கிப் பார்த்தாராம், சுத்தமாக இருந்ததாம். ஃபில்டரையும் மாற்றிவிட்டார். நான் சொல்லக்கூடிய மூன்றையும் நான் சொல்வதற்கு முன்பே செய்து முடித்திருந்தார். வண்டியைத் திருப்பினேன்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் ஜெனரேட்டர் கொட்டகை. தரைக்கு அடியில் பெரிய டீசல் டேங்க். அதிலிருந்து ஒரு சின்ன பம்பு டீசலை மேலே ஏற்றி, சுவரில் இரும்புத் தாங்கியின் மேல் உட்கார்ந்திருக்கும் சின்ன டேங்கில் நிரப்பும். அங்கிருந்து ஒரு ஹோஸ் வழியாக டீசல் எஞ்சினுக்கு இறங்கும். எஞ்சின் நின்றால் எல்லோரும் எஞ்சினைத்தான் சந்தேகப்படுவார்கள். அதற்குச் சோறு ஊட்டும் இந்தப் பக்கத்தை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

நான் உள்ளே நுழைந்தபோது செட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்று சொல்வதைவிட இழுத்துக்கொண்டிருந்தது என்று சொல்லலாம். சத்தம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். கொட்டகையின் வாசலில் மேனேஜர் கையில் போனோடு நின்றிருந்தார். சுவர் ஓரமாக ஒரு ஆள் குந்தியிருந்தார். சட்டையெல்லாம் தக்காளிக் கறை. பலமனேர் பக்கத்தில் தக்காளி லோடு ஏற்றிய வண்டி கவிழ்ந்து அவருடைய மனைவி அடியில் மாட்டிக்கொண்டாராம். உள்ளே மேஜையில் கிடந்தது அந்தப் பெண்தான். ஆபரேஷன் அறை வாசலில் உட்கார வேண்டியவர் ஏன் இங்கே இருக்கிறார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. அவரே கேட்டார்.

"சார், இது ஓடிக்கினு கீற வரைக்கும் உள்ள லைட்டு எரியும் இல்ல?"

எரியும் என்றேன். வேறு என்ன சொல்வது?

முதலில் யாரையும் கேட்காமல் லிஃப்ட், வெளி நோயாளிகள் பக்கத்து ஏசி, கேன்டீன், எக்ஸ்ரே எல்லாவற்றின் பிரேக்கரையும் இறக்கினேன். மேனேஜர் ஏதோ சொல்ல வந்தார். பிறகு பேசலாம் என்று கையைக் காட்டினேன். சுமை குறைந்ததும் எஞ்சின் கொஞ்சம் மூச்சு விட்டது. ஆனாலும் தள்ளாட்டம் நிற்கவில்லை. சுமை குறைந்தால் டீசல் குறைவாகப் போதும். குறைவாகக் கேட்கும்போது கொஞ்சம் நிம்மதியாக ஓடுகிறது, அதிகம் கேட்டால் முக்குகிறது. அப்படியென்றால் டீசல் இருக்கிறது, வரும் வழியில்தான் தடை. மேலே சின்ன டேங்கின் மூடியைத் திறந்து பார்த்தேன், காற்றுத் துளையில் அடைப்பு ஏதும் இல்லை. அடி வால்வு முழுதாகத் திறந்திருந்தது. மிச்சம் இருந்தது ஹோஸ் மட்டும்தான்.

வெளியே பார்க்க அது நன்றாகத்தான் இருந்தது. வெடிப்பு இல்லை, கசிவு இல்லை. டேங்கிலிருந்து இறங்கி எஞ்சின் பக்கம் திரும்பும் வளைவில் அதைப் பிடித்து மேலே தூக்கி நேராக்கினேன். எஞ்சின் சத்தம் சட்டென்று சீரானது. கையை விட்டேன். மறுபடி தள்ளாட ஆரம்பித்தது. மறுபடி தூக்கினேன், சீரானது. உள் ரப்பர் உரிந்து, வளைவில் கதவு மாதிரி மூடிக்கொள்கிறது. நோய் தெரிந்துவிட்டது.

அந்தச் சந்தோஷம் ஒரு நொடிதான். ஹோஸ் என் கையில் மெத்தென்று இருந்தது. அந்த மென்மை எனக்கு ஞாபகம் வந்தது. அதை மாட்டியது நான்.

ஆறு மாதத்துக்கு முன் இதே இடத்தில் பழைய ஹோஸ் கசிந்தது. என்னிடம் சரியான ஹோஸ் இல்லை. சூளூர்பேட்டையில் ஒரு வேலை அவசரமாகக் காத்திருந்தது. பஜாரில் காற்று அடிக்கும் கம்ப்ரஸருக்கு விற்கும் ஹோஸில் ஒரு துண்டு வாங்கி வந்து மாட்டினேன். முனிரத்தினம் அதை அழுத்திப் பார்த்துவிட்டு, டீசலுக்கு இது தாங்குமா என்று கேட்டார். ஒரு வாரம் தாங்கும், அதற்குள் வந்து மாற்றிவிடுகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். அந்த ஒரு வாரம் வரவே இல்லை. அடுத்த வேலை, அதற்கு அடுத்த வேலை என்று போய்விட்டது. என் சர்வீஸ் ரிப்போர்ட்டில் 'ஹோஸ் மாற்றப்பட்டது' என்று மட்டும் எழுதியிருந்தேன். தற்காலிகம் என்ற ஒரு சொல்லை எழுதவில்லை.

முனிரத்தினத்தைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அவருக்கும் ஞாபகம் இருந்தது. பக்கத்தில் வந்து ஹோஸைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"நான் புட்ச்சிக்கினு நிக்கிறேன் சார். நீங்க மத்தது பாருங்க."

அந்த வேளையில் மேனேஜர் போனில் பேசுவது காதில் விழுந்தது. ஆபரேஷன் அறையோடு பேசிக்கொண்டிருந்தார். ரெண்டே நிமிஷம் மேடம், நிறுத்தி மாத்தி ஏத்திடுவாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் போய் போனைக் கேட்டு வாங்கினேன். மறுபக்கம் மயக்க மருந்து டாக்டர். வசுந்தரா என்று பெயர். அதுவரை அவரை நான் பார்த்ததுகூட இல்லை. யாரோ அவர் காதருகே போனைப் பிடித்திருக்க வேண்டும், பின்னால் கருவிகளின் சத்தம் கேட்டது.

"எத்தனை நிமிஷம் நிக்கும்? உண்மையைச் சொல்லுங்க."

நம் தொழிலில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு, கவனித்திருப்பீர்கள். எவ்வளவு நேரம் என்று கேட்டால், கேட்பவர் முகத்தைப் பார்த்து அவருக்குப் பிடித்த எண்ணைச் சொல்வோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆறு மாதத்துக்கு முன் ஒரு வாரம் என்று சொன்னதும் அப்படி வந்த எண்தான். அன்றைக்கு அந்த ஹோஸைத் தொட்ட கையோடு நின்றதால் என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. கழற்ற இரண்டு, மாட்டி முடுக்க மூன்று, ஃபில்டரிலும் குழாயிலும் இருக்கும் காற்றை வெளியேற்ற ஐந்து, ஸ்டார்ட் பண்ண ஒன்று. மனசுக்குள் கூட்டினேன்.

"பதினோரு நிமிஷம் மேடம். போல்ட்டு மொரண்டு புடிச்சா பதினஞ்சு."

மேனேஜர் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார்.

"யூபிஎஸ் இருபது நிமிஷம்னு காட்டுது" என்றார் டாக்டர்.

"காலையிலேருந்து ரெண்டு தபா இறங்கிடுச்சி. பன்னண்டுக்கு மேல நம்பாதீங்க."

"இப்ப நிறுத்த முடியாது. மண்ணீரல் உடைஞ்சு ரத்தம் போயிட்டு இருக்கு. ரத்தத்தை உறிஞ்சுற சக்ஷன் மெஷினு யூபிஎஸ்ல இல்ல. ரத்தக் குழாயைக் கட்டி முடிக்க இருபத்தஞ்சு நிமிஷம் ஆவும். அதுவரைக்கும் ஓட்டுவீங்களா?"

"ஓட்டறோம்."

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை அப்போதே நிறுத்தியிருந்தால் நான் என் வேலையைச் சுத்தமாக முடித்திருப்பேன். மேனேஜர் சொன்ன இரண்டு நிமிடத்தை நம்பி டாக்டரும் சரி என்றிருப்பார். மூன்றாவது நிமிடத்தில் அந்தப் பெண்ணின் வயிற்றுக்குள் ரத்தம் தேங்க ஆரம்பித்திருக்கும். எப்போது நிறுத்துவது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் உள்ளே இருந்தார். அவர் சரியாக முடிவு செய்ய, நாம் சொல்லும் எண் உண்மையாக இருந்தால் போதும். அவ்வளவுதான் என் பங்கு.

அந்த இருபத்தைந்து நிமிடம் முனிரத்தினமும் நானும் மாற்றி மாற்றி ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் எஞ்சினின் சூடு. கை கொஞ்சம் தாழ்ந்தால் சத்தம் இறங்கும். உடனே தூக்க வேண்டும். ஒருவர் பிடிக்கும்போது மற்றவர் பம்பைக் கையால் ஓட்டி மேல் டேங்கை நிரப்பிக்கொண்டோம். டேங்க் நிறைந்திருந்தால் டீசல் இறங்கும் வேகம் கொஞ்சம் கூடும். இடையில் பைக் பெட்டியிலிருந்து பலமனேர் ஹோஸை எடுத்து வந்து அளந்தேன். நீளம் கொஞ்சம் அதிகம். பரவாயில்லை என்று விட்டேன், வெட்டுவதற்கு நேரமில்லை. ஸ்பேனர், கிளிப், கழற்றும்போது கொட்டும் டீசலைப் பிடிக்க வாளி, எல்லாவற்றையும் கை எட்டும் தூரத்தில் எடுக்கும் வரிசையிலேயே பரப்பி வைத்தேன். முனிரத்தினத்தின் முழங்கையில் தோல் சிவந்துவிட்டது. மாற்றிக்கொள்ளலாம் என்றேன். இன்னும் ரெண்டு நிமிஷம் சார் என்றார்.

போன் வந்தது. டாக்டர் வசுந்தராதான். கட்டி முடித்தாகிவிட்டது, ஐசியூவில் இரண்டு பேருக்கு நர்சுகள் கையால் மூச்சு கொடுக்கத் தயாராக நிற்கிறார்கள், இப்போது நிறுத்தலாம் என்றார்.

ஸ்டாப் பட்டனிடம் போகும் முன் எனக்கு அந்தத் தக்காளிக் கறை ஆள் ஞாபகம் வந்தார். அவரிடம் போய்ச் சொன்னேன். "இப்ப நானே நிறுத்தப் போறேன். கெட்டு நின்னுச்சுன்னு நெனச்சிக்காதீங்க. டாக்டரம்மாவுக்குத் தெரியும். உள்ள பேட்டரியில லைட்டு எரியும்." அவர் தலையாட்டினார். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுத்தினேன். எஞ்சின் உதறி அடங்கியது. அந்த மௌனம் மாதிரி கனமான ஒன்றை நான் அதற்கு முன்பும் பின்பும் கேட்டதில்லை.

பழைய ஹோஸ் இரண்டு நிமிடத்துக்குள் கழன்று வந்தது. புதியது கொஞ்சம் முரண்டு பிடித்துப் பிறகு உட்கார்ந்தது. முனிரத்தினம் கிளிப்பை முடுக்கினார், நான் ஃபில்டர் பக்கம் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்தினேன். நுரை வந்தது. இன்னும் நுரை. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்து எட்டு, ஒன்பது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பத்தாவது நிமிடத்தில் டீசல் வந்தது, ஆனால் அதில் சின்னக் குமிழ்கள் இருந்தன. ஸ்டார்ட் பண்ணுங்க, ஸ்டார்ட் பண்ணுங்க என்று மேனேஜர் அவசரப்படுத்தினார். என் உள்ளேயும் அதே குரல்தான். ஆனால் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும் பேட்டரி காலையிலிருந்து பல முறை இழுத்துக் களைத்திருந்தது. அதில் நல்ல இழுப்பு ஒன்றுதான் மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். குமிழோடு இழுத்து அது பற்றவில்லை என்றால் பிறகு எதுவும் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு இன்னும் ஒரு நிமிடம் பம்பை அழுத்தினேன். இந்த முப்பத்துநாலு வருடத்தில் நான் செய்த மிகக் கடினமான வேலை எதுவென்றால், சாவியைத் தொடாமல் இருந்த அந்த ஒரு நிமிடம்தான்.

குமிழ் நின்றது. திருகை மூடினேன். முனிரத்தினத்தைப் பார்த்துத் தலையாட்டினேன். அவர் சாவியைத் திருப்பினார். ஒரே இழுப்பு. பிடித்துக்கொண்டது. சத்தம் ஏறி, நேராக நின்றது. பதினோரு நிமிடம் முடிந்து சில நொடிகள் ஆகியிருந்தன. மேலே யூபிஎஸ் கத்தத் தொடங்கியிருந்ததாம், பிறகு சொன்னார்கள்.

சுவர் ஓரத்து ஆள் அதே இடத்தில் குந்தியிருந்தார். எஞ்சின் சத்தம் கேட்டதும் தலையை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டார். அவருடைய மனைவி பத்து நாள் கழித்து நடந்தே வீட்டுக்குப் போனார் என்று முனிரத்தினம் எனக்குப் போன் பண்ணிச் சொன்னார்.

அன்றைக்கு மதியம் மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் ஆஸ்பத்திரியின் முதலாளிக்கு ஏதாவது ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். ஆபரேட்டர் டீசலைச் சரியாகக் கவனிக்கவில்லை, அழுக்கு டீசலால் ஹோஸ் கெட்டது என்று ரிப்போர்ட்டில் எழுதச் சொன்னார். முனிரத்தினம் வெளியே நின்றிருந்தார். எங்கள் கம்பெனிக்கும் அதுதான் வசதி. எனக்கும் அதுதான் வசதி. ஒரு வரி எழுதினால் போதும், ஒருவரும் கேட்கப்போவதில்லை.

"தப்பு ஹோஸு மாட்டினது நான் சார். மாத்தறேன்னு சொல்லிட்டு வரலை. அவரு அன்னிக்கே கேட்டாரு" என்றேன்.

மேனேஜர் நம்பவில்லை. நான் யாரையோ காப்பாற்றுகிறேன் என்று நினைத்தார். முனிரத்தினத்தைக் கூப்பிட்டு அவருடைய நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். ஆறு மாதத்துக்கு முந்தைய பக்கத்தில், தெலுங்கில், ஒரே வரி இருந்தது. மேனேஜர் வாய்விட்டுப் படித்தார். புது ஹோஸ், காற்றுக்கானது, தற்காலிகம், மாற்ற வேண்டும். நான் எழுதாத சொல்லை முனிரத்தினம் எழுதியிருந்தார். ஆனால் அன்று காலை முழுவதும் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன் சார்" என்றார்.

கம்பெனியிலிருந்து எனக்கு மெமோ வந்தது. என் முழுச் சர்வீஸில் வந்த ஒரே மெமோ. அந்த ஆஸ்பத்திரியை என் பட்டியலிலிருந்து எடுத்து வேறு ஒருவரிடம் கொடுத்தார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது, ஆனால் அநியாயம் என்று தோன்றவில்லை. அடுத்த ஒரு மாதம் என் பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் எடுத்துப் புரட்டினேன். பிறகு பார்க்கலாம் என்று நான் விட்டுவந்த இடங்கள் இன்னும் நான்கு இருந்தன. திருப்பதியில் இரண்டு, தடாவில் ஒன்று, புத்தூரில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் போய் மாற்றிவிட்டு வந்தேன். ஒரு இடத்திலும் இன்னும் கெட்டிருக்கவில்லை. கெடும்வரை காத்திருக்காமல் போனது அதுவே முதல் தடவை.

அடுத்த வருடம் அந்த ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் கட்டினார்கள். இரண்டாவது ஜெனரேட்டர் வந்தது. ஒன்று நின்றால் மற்றது தானாக எடுத்துக்கொள்ளும்படி ஏற்பாடு. அதை ஓட்டிக் காட்ட வேறு ஒரு எஞ்சினியரை அனுப்புவதாகக் கம்பெனி சொன்னது. ஆஸ்பத்திரியிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். கேட்டது மேனேஜர் என்று பிறகு தெரிந்தது. அதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை.

சோதனை நாளில் காலை பத்து மணிக்குக் கொட்டகையில் எல்லாவற்றையும் தயார் செய்து வைத்திருந்தோம். முனிரத்தினம் இரண்டு செட்டுகளுக்கும் நடுவில் சலவை செய்த சட்டையில் நின்றிருந்தார். பச்சை உடையும் தலையில் தொப்பியுமாக ஒரு அம்மா படியிறங்கி வந்தார். குரலைக் கேட்டதும்தான் டாக்டர் வசுந்தரா என்று எனக்குத் தெரிந்தது. நான் நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தார். மேலே ஒரு ஆபரேஷனும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருக்கிறார்.

ஓடிக்கொண்டிருந்த செட்டின் முன்னால் போய் நின்றார். நிறுத்தினால் எவ்வளவு நேரத்தில் மற்றது எடுக்கும் என்று கேட்டார். பன்னிரண்டு நொடி என்றேன். பக்கத்தில் இருந்த மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார், வேறு எண் எதுவும் சொல்லவில்லை.

"நான் அழுத்தலாமா?" என்றார் டாக்டர்.

நான் ஒதுங்கி வழி விட்டேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்டாப் பட்டனை அழுத்தினார். எஞ்சின் உதறி அடங்கியது. முனிரத்தினம் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். டாக்டர் யாரையும் பார்க்கவில்லை, கொட்டகை வாசல் வழியாக மேலே ஆபரேஷன் அறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது செட்டு உறுமி எடுத்தது, அந்த ஜன்னலில் விளக்கு வந்தது.

"பதினொண்ணுதான் சார் ஆச்சி" என்றார் முனிரத்தினம்.

டாக்டர் கழற்றிய கையுறையைக் குப்பை வாளியில் போட்டுவிட்டு, அப்ப நான் மேல வேலையைப் பாக்கறேன் என்று சொல்லிப் படியேறிப் போனார்.